மழை வரைந்த எல்லைகள்

பெங்குவின் என்றால் பனிப்பாறையும் உறைந்த கடலும்தான் நினைவுக்கு வரும். ஆனால், பூமத்திய ரேகையிலேயே வாழ்கிற பெங்குவின் இனம் ஒன்றும் உண்டு. ஈக்வடார் கரைக்கு மேற்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகள்தான் அதன் வாழிடம். அரை மீட்டர் உயரம், இரண்டரைக் கிலோ எடை. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைகளின் இடுக்குகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. வெயில் ஏறியதும் அலகைத் திறந்து மூச்சிரைக்கிறது. துடுப்புகள் இரண்டையும் விரித்து, முன்னால் குனிந்து, தன் பாதங்களின் மீது நிழல் விழும்படி நிற்கிறது. இறகு மூடாத பாதங்கள் வெயிலில் பொசுங்கிவிடாமல் காக்க அதற்குத் தெரிந்த வழி அது.

இவ்வளவு பாடுபட்டு அது ஏன் அங்கே இருக்க வேண்டும்?

காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. குரோம்வெல் நீரோட்டம் என்ற குளிர்ந்த நீரோட்டம், பூமத்திய ரேகையை ஒட்டிக் கடல்மட்டத்துக்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக ஓடி வருகிறது. கலாபகஸின் மேற்கு ஓரத் தீவுகளான இசபெலாவிலும் ஃபெர்னாண்டினாவிலும் அது முட்டி மேலெழுகிறது. அடிக்கடலின் குளிர்ச்சியோடு அங்கே தங்கியிருந்த சத்துகளும் மேலே வருகின்றன. அவற்றால் நுண்பாசிகள் பெருகுகின்றன. பாசிகளைத் தின்று நெத்திலியும் மத்தியும் பெருகுகின்றன. மீனைத் தேடிப் பெங்குவின் வருகிறது. கலாபகஸ் பெங்குவின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு தீவுகளின் கரைகளில்தான் இருக்கின்றன. அதே தீவுக்கூட்டத்தின் கிழக்குக் கரைகளில் அவற்றைக் காண்பது அரிது.

ஓர் உயிரினம் ஏன் இங்கே இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னோர் இடத்தில் ஏன் இல்லை? சூழலியலின் அடிப்படைக் கேள்விகளில் இது ஒன்று. வெப்பநிலை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடத் தோன்றும். அது பாதி பதில்கூட ஆகாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, கடலில் எந்த நீரோட்டம் ஓடுகிறது, குறுக்கே மலை நிற்கிறதா என்பவையெல்லாம் சேர்ந்துதான் ஓர் இடத்துக்குத் தண்ணீர் எவ்வளவு, எப்போது வரும் என்பதை முடிவுசெய்கின்றன. அந்தத் தண்ணீர்க் கணக்குத்தான் காட்டுக்கும் புல்வெளிக்கும் பாலைக்கும் நடுவே எல்லை போடுகிறது.

சூரியன் தொடங்கிவைப்பது

இருட்டறையில் டார்ச் விளக்கைத் தரைக்கு நேர்மேலே பிடித்தால் சிறிய, பிரகாசமான வட்டம் விழும். அதையே சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். பூமத்திய ரேகைப் பகுதிக்கு நேர்வெயிலும் துருவங்களுக்குச் சாய்ந்த வெயிலும் கிடைப்பது இப்படித்தான். உலகின் தட்பவெப்ப அமைப்பு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கிறது.

நேர்வெயிலில் சூடான காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே எழுகிறது. உயரம் போகப் போகக் குளிர்ந்து, சுமந்த ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. அமேசான், காங்கோ, போர்னியோ, சுமத்ரா ஆகிய பெரிய மழைக்காடுகள் பூமத்திய ரேகையை ஒட்டி வரிசையாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். மழையை இழந்த காற்று உயரத்திலேயே வடக்கும் தெற்குமாக நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகைகளில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடேறும். அப்படி இறங்கிச் சூடேறிய வறண்ட காற்றில் மேகம் திரளாது. உலக வரைபடத்தில் வடக்கிலும் தெற்கிலும் அந்த அட்சரேகைகளை ஒட்டி விரலை ஓட்டிப் பாருங்கள்: சஹாரா, அரேபியப் பாலைவனம், தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி என்று வறண்ட நிலங்களாகவே வரும்.

கீழிறங்கிய காற்று தரையை ஒட்டி மீண்டும் பூமத்திய ரேகைக்குத் திரும்புகிறது. பூமி சுழல்வதால் அதன் பாதை மேற்கு நோக்கி வளைகிறது. பாய்மரக் கப்பல்களை அட்லாண்டிக்கைக் கடக்க வைத்த வியாபாரக் காற்று இதுதான். 1735இல் இதற்கு விளக்கம் தந்தவர் ஜார்ஜ் ஹேட்லி. தொழிலால் வழக்கறிஞர், ஆர்வத்தால் வானிலை ஆராய்ச்சியாளர். மாலுமிகளுக்கு உதவிய காற்றை விளங்கிக்கொள்ள அவர் முன்வைத்த சுழற்சிதான், பின்னாளில் சஹாரா ஏன் சஹாராவாக இருக்கிறது என்பதற்கும் விளக்கமானது. இன்றும் அது ‘ஹேட்லி சுழற்சி’ என்றே அழைக்கப்படுகிறது.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் நேர்வெயில் விழும் இடம் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. மழைப் பட்டையும் கூடவே நகர்கிறது. நம் பருவமழைகளுக்கும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் மழைக்கும் இதுவே அடிப்படை. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து கென்யாவின் மாசாய் மாரா வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டெபீஸ்ட் விலங்குகள் ஆண்டுதோறும் நடந்து திரும்புவது அந்த மழை முளைக்க வைக்கும் புல்லைத் தேடித்தான்.

மழைக்காட்டையும் பாலைவனத்தையும் எதிரெதிர் நிலங்களாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் ஒன்று இன்னொன்றுக்கு உணவிடுகிறது. சஹாராவின் தென்பகுதியில், சாட் நாட்டில் இருக்கும் போடெலே தாழ்நிலம் ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்த இடம். அந்த ஏரியில் வாழ்ந்து மடிந்த நுண்பாசிகளின் தூள் காற்றில் கிளம்பி, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமேசானில் படிகிறது. நாசாவின் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் புழுதி அமேசான் படுகையில் விழுவதாகக் கணக்கிட்டது. அதில் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 22,000 டன். அமேசான் மண்ணிலிருந்து மழையும் வெள்ளமும் அரித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறத்தாழ அதே அளவுதான்.

கடலோரத்தில் ஒரு பாலைவனம்

கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் மழைக்குப் பஞ்சமிருக்காது என்று நினைப்பது இயல்பு. சிலி நாட்டின் வட கோடியில் இருக்கும் அரிகா துறைமுக நகரம் அந்த நினைப்பைத் தகர்க்கும். அங்கே 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. எதிரே பசிபிக் பெருங்கடல், பின்னால் அட்டகாமா பாலைவனம்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீபியாவிலும் இதே கதைதான். அங்கே பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே சூடான, வறண்ட காற்று மூடிபோலப் படிந்திருக்கிறது. காற்று மேலெழ முடியாத இடத்தில் மழை மேகம் உண்டாவதில்லை. மூடுபனி மட்டும் உண்டாகிறது. நமீப் பாலைவனத்தின் கரையோரப் பகுதிகளில் ஆண்டுக்கு 20 மி.மீ. மழை பெய்தாலே பெரிது. ஆனால் விடியற்காலையில் கடலிலிருந்து புறப்படும் மூடுபனி, மணல்மேடுகளுக்கு மேலே பல கிலோமீட்டர் உள்நாடு வரை ஊர்ந்து வருகிறது. அந்தப் பனியை நம்பி ஓர் உயிர்க்கூட்டமே அங்கே வாழ்கிறது.

ஓனிமாக்ரிஸ் என்ற கருவண்டு இனத்தைச் சேர்ந்த ஒரு வகை, மூடுபனி வரும் இரவுகளில் மணலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. மற்ற நேரங்களில் அது பகலில் நடமாடும் பூச்சி. பனி வரும்போது மட்டும், உடல் விறைக்கும் குளிரிலும் மணல்மேட்டின் உச்சிவரை மெல்ல ஏறுகிறது. உச்சியில் காற்று வீசும் திசைக்கு முகம் கொடுத்து, பின்னங்கால்களை நிமிர்த்தி, தலையைக் கீழே தாழ்த்தி நிற்கிறது. பனித்துளிகள் முதுகில் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, முதுகிலிருந்து தலை வழியாக வழிந்து வாய்க்கு வருகின்றன. இப்படி நின்றே ஒரு காலைப்பொழுதில் சராசரியாகத் தன் எடையில் 12 சதவீத அளவுக்கு அது தண்ணீர் குடித்துவிடுகிறது. வில்லியம் ஹாமில்டன், மேரி சீலி என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1976இல் உலகுக்கு அறிவித்தார்கள். காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பரப்புகளை வடிவமைக்க முயலும் பொறியாளர்கள் நமீப் வண்டுகளின் முதுகை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அதே பாலைவனத்தில் வெல்விச்சியா என்ற தாவரம் இருக்கிறது. 1859இல் ஃபிரெட்ரிக் வெல்விச் என்ற தாவரவியலாளர் தெற்கு அங்கோலாவில் இதைக் கண்டு அறிவியல் உலகத்துக்குத் தெரிவித்தார். வாழ்நாள் முழுவதற்கும் இதற்கு இரண்டே இலைகள். அவை உதிர்வதே இல்லை. அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும், நுனியில் வெயிலிலும் காற்றிலும் கிழிந்துகொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய செடிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நமீபியா, அங்கோலா நாடுகளின் அந்த வறண்ட கரையோரப் பட்டையைத் தவிர உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை. பெங்குவேலா நீரோட்டம் சூடாகிவிட்டாலோ மூடுபனி குறைந்துவிட்டாலோ இந்த உயிர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

செடியைப் பார்த்து வரைந்த வரைபடம்

தட்பவெப்பம் உயிர்களின் எல்லையை வரைகிறது என்பதைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் விளாதிமிர் கோப்பன். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய வானிலை அறிஞர்; ஆனால் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு தாவரங்களைப் பற்றியது. வானிலை நிலையங்கள் குறைவாக இருந்த காலத்தில், எந்த ஊரில் எந்தத் தாவரம் வளர்கிறது என்பதையே அளவுகோலாக வைத்து உலகத் தட்பவெப்ப மண்டலங்களை 1900இல் அவர் வகைப்படுத்தினார். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில்கூடச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸை எட்டாத இடத்தில் மரம் வளராது என்பது அவர் வகுத்த எல்லைகளில் ஒன்று. சைபீரியாவிலும் கனடாவிலும் ஊசியிலைக் காடு முடிந்து மரமற்ற தூந்திர நிலம் தொடங்கும் கோட்டை இந்த எண் ஏறத்தாழச் சரியாகவே காட்டுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றுக்குரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இலக்கியத்துக்காகச் செய்த பகுப்புதான் அது. ஆனால் இடமும் பருவமும் முதலில், உயிர்கள் அதற்குப் பின் என்ற வரிசையில் சூழலியலாளரும் குறை சொல்ல எதுவுமில்லை.

மலையேறினால் நடப்பது இன்னொரு வகை. 1802 ஜூன் 23 அன்று இயற்கை ஆய்வாளர்களான அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டும் எமே போன்பிளானும் ஈக்வடாரின் சிம்பொராசோ எரிமலையில் ஏறினார்கள். 6,263 மீட்டர் உயர மலையின் உச்சியை அவர்களால் தொட முடியவில்லை. ஆனால் 1807இல் ஹம்போல்ட் வெளியிட்ட வண்ணப்படம் உச்சியைத் தொடுவதைவிடப் பெரிய சாதனை. மலையின் குறுக்குவெட்டில், எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். அடிவாரத்தில் பனை வகைகள், மேலே போனால் கருவாலி மரங்கள், அதற்கும் மேலே புதர்கள், புற்கள், கடைசியில் பாறையில் ஒட்டிய பாசிப்படலம். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை பயணம் செய்து பார்க்க வேண்டிய மாற்றங்களை ஒரே மலையில் பார்த்துவிடலாம் என்று அந்தப் படம் காட்டியது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு

மலை குளிர்ச்சியை மட்டும் தருவதில்லை. காற்றை மறித்து மழையைப் பங்கிடுவதும் மலைதான். அதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பொள்ளாச்சியில் பேருந்து ஏறி வால்பாறைக்குப் போக வேண்டும். ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. முதல் சில வளைவுகளில் பாறையும் முட்புதரும், கோடையில் இலையுதிர்க்கும் மரங்களும்தான். 9ஆவது வளைவுக்கு அருகே வெயிலில் காயும் பாறைச்சரிவுகளில் வரையாடுகள் நின்றுகொண்டிருக்கும். மேலே ஏற ஏற மரங்கள் நெருங்குகின்றன. கவர்கல் பக்கம் வந்தால் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வால்பாறையை அடையும்போது நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்.

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, குஜராத்திலிருந்து குமரி வரை சுமார் 1,600 கி.மீ. நீளத்துக்கு நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. வால்பாறைக்கு அருகே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோவை மாநகருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அது அதிகம்.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் வால்பாறைக் காட்டுத்துண்டுகளில் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற பசுமை மாறா மரங்கள் நிற்கின்றன. வெடிப்பலாவின் பூவையும் காயையும் தின்று சோலைமந்திகள் வாழ்கின்றன. பெரிய இருவாச்சிகள் அத்திப்பழங்களைத் தின்று விதைகளைக் காடெங்கும் பரப்புகின்றன. சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. மலையிறங்கிச் சமவெளிக்கு அது வருவதே இல்லை. அங்கே அதற்குத் தின்ன எதுவும் கிடையாது.

மழையைக் கொட்டிவிட்ட காற்று கிழக்கே இறங்குகிறது, சஹாராவின் மேல் இறங்கும் காற்றைப் போலவே வறண்டு. பொள்ளாச்சிக்குக் கிழக்கே காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் ஆண்டுக்கு 600 மி.மீ. சுற்றித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. மலையின் மறைவில் இருக்கும் இந்த நிலத்தில் காடு வளராது. நல்ல புல் வளரும். அதைப் புரிந்துகொண்ட கொங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். வெள்வேலத்தின் நிழல் மாட்டுக்கு, காய் ஆட்டுக்கு. ஒரு கொறங்காட்டில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். முதல் காடு மழை வரும்வரை ஓய்வெடுக்கும். காங்கேயம் காளையின் திடம் இந்தப் புல்லிலிருந்து வந்தது. வருவாய்க் கணக்கில் எப்படிக் குறிக்கப்பட்டாலும் கொறங்காடு வீண் நிலம் அல்ல. குறைந்த மழையில் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு இதைவிடத் தேர்ந்த ஏற்பாட்டைத் தமிழகத்தில் காண்பது கடினம்.

கிழக்குக் கரைக்குப் போனால் மழைக் கணக்கு மறுபடியும் மாறுகிறது. அங்கே முக்கியம் வடகிழக்குப் பருவமழை. மூன்று மாதம் கொட்டித் தீர்த்து, பிறகு நீண்ட வறட்சி. கோடியக்கரையிலும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு இந்த மழைக்கென்றே அமைந்தது: உயரம் குறைந்த, தடித்த சிற்றிலைகள் கொண்ட, கோடையிலும் பசுமையாகவே இருக்கும் பாலை, வீரை, காசான் மரங்கள். கடலைத் தாண்டி இலங்கையின் வன்னியிலும் யாலவிலும் அதே பாலையும் வீரையும் நிற்கின்றன. அங்கே பாலைப்பழக் காலத்தில் கரடிகள் மரமேறுகின்றன. அதே இலங்கையின் தென்மேற்கில், மலை மழையைத் தடுத்து நிறுத்தும் பக்கத்தில், சிங்கராஜ மழைக்காடு. ஒரு சிறிய தீவுக்குள் இரண்டு உலகங்கள்.

மரமில்லாத மலையுச்சி

நீலகிரி, பழனி, ஆனைமலைகளின் உச்சிப் பகுதிகள் ஒரு புதிர். மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் மேடுகளெல்லாம் புல்வெளி. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. இங்கே மனிதர்கள் மரங்களை வெட்டிப் புல்வெளியாக்கிவிட்டார்கள் என்று முன்பு சிலர் கருதினார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மட்கிய தாவரங்களைச் சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டபோது அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. உலகம் வறண்ட காலங்களில் விரிந்தும் மழை மிகுந்த காலங்களில் சுருங்கியும் வந்திருக்கிறது.

ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று உறைபனி. மார்கழி, தையில் தலைகுந்தா போன்ற இடங்களில் விடிகாலைப் புல் வெள்ளை வெளேரென்று இருக்கும். திறந்த வெளியில் முளைத்த சோலை மரக்கன்று அந்த இரவுகளில் கருகிவிடும். சோலைக்குள், மரக்கூரையின் கீழே, அவ்வளவு குளிர் இறங்குவதில்லை, கன்று பிழைத்துக்கொள்ளும். சில பாகை வேறுபாடுதான் காட்டின் விளிம்பை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது.

தட்பவெப்பம் இடம் தரும். அங்கே வந்து சேர்வது வேறு கதை. அண்டார்க்டிகாவில் பனிக்கரடியும் ஆர்க்டிக்கில் பெங்குவினும் இல்லாததற்குக் காரணம் குளிர் ஒத்துவராதது அல்ல. நடுவில் இருக்கும் வெப்பமண்டலக் கடலைத் தாண்டி அவை போய்ச்சேரவில்லை. அந்தத் தடையை மனிதர்கள் உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. உறைபனியைத் தாங்கக்கூடிய சீகை (வாட்டில்) மரங்களையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களையும் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். புல்வெளியைத் தரிசு என்றே அவர்கள் கருதினார்கள். விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் இந்த நடவு தொடர்ந்தது. எந்த உறைபனி சோலை மரங்களைத் தடுத்ததோ அது சீகையைத் தடுக்கவில்லை. பழனி மலையில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அயல் மரங்களாலும் விவசாயத்தாலும் நேர்ந்த இழப்பு அது. வரையாடு சோலைக்குள் வாழும் விலங்கு அல்ல. அதற்குப் புல்லும் பாறையும் வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் இருந்தவை 1,031 வரையாடுகள்.

நகரும் எல்லைகள்

ஹம்போல்ட் எழுதிவைத்த உயரங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆய்வாளர்கள் 2012இல் சிம்பொராசோவுக்குப் போனார்கள். 210 ஆண்டுகளில் தாவரங்களின் மேல் எல்லை 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஹம்போல்ட்டின் குறிப்புகளைப் பிறகு துருவிப் பார்த்த இன்னொரு குழு, அவர் உயரமான பகுதித் தாவரங்களை உண்மையில் அண்டிசானா என்ற வேறொரு மலையில் சேகரித்திருக்கிறார் என்று கண்டது. அந்த மலையில் போய் அளந்தபோது நகர்வு 200 மீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. எண் பாதியாகக் குறைந்தது, திசை மாறவில்லை. போர்னியோவின் கினபாலு மலையில் 1965இல் அந்துப்பூச்சிகளைச் சேகரித்த அதே இடங்களில் 2007இல் மீண்டும் சேகரித்தார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன.

ஆண்டிஸ் மலையில் மேலே போக இன்னும் இடமிருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. ஆனைமலையின் ஆனைமுடி 2,695 மீட்டரோடு. அதற்கு மேலே வானம்தான். உறைபனி இரவுகள் குறைந்தால் மரங்கள் புல்வெளிக்குள் ஏறும். புல்வெளியை நம்பிய வரையாடு ஏறிப்போக இன்னொரு மலை இல்லை.

கடலில் இந்த மாற்றம் இன்னும் வேகமாகத் தெரியும். எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் வியாபாரக் காற்று தளர்கிறது, கலாபகஸின் மேற்கே குளிர்நீர் மேலெழுவது குறைகிறது, மீன் குறைகிறது. 1982-83 எல் நினோவில் கலாபகஸ் பெங்குவின்களில் 77 சதவீதம் அழிந்தன. 1997-98இல் மறுபடியும் 65 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் மெல்லப் பெருகித்தான் இந்த இனம் இதுவரை பிழைத்திருக்கிறது. உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 பாகைக்கு மேல் சென்ற முதல் ஆண்டாக 2024ஐ உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. அடுத்த எல் நினோவுக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவே போதிய இடைவெளி கிடைக்குமா என்பதே அந்தத் தீவுகளில் பணியாற்றும் உயிரியலாளர்களின் கவலை.

காற்றையும் நீரோட்டத்தையும் தனி ஒருவர் திருப்ப முடியாது. கரியமில வாயுவைக் குறைக்கும் பொறுப்பு அரசுகளின் கையில், முதன்மையாகப் பணக்கார நாடுகளின் கையில் இருக்கிறது. ஆனால் நம் ஊரில், நம் கையால் நடக்கும் ஒரு தவறை நிறுத்தலாம். வெற்றிடம் என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிடைத்த மரக்கன்றை நட்டுவிடுகிறோம். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி நிலங்களை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பள்ளிகளும் மன்றங்களும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். நடுவதற்கு முன் அந்த வட்டாரத்தின் மழை அளவைக் கேளுங்கள். பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பழைய கோயில் காட்டில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். கடற்கரை மாவட்டங்களில் பாலையும் வீரையும் நடுங்கள். கொங்கு மேட்டில் வெள்வேலத்துக்கு இடம் கொடுத்துப் புல்லை விட்டுவையுங்கள். மலையுச்சிப் புல்வெளியில் எந்த மரத்தையும் நட வேண்டாம். அங்கே முளைத்துக் கிடக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கும் பணிக்கு வனத்துறை ஆள் கேட்டால் போய்ச் சேருங்கள்.